வெள்ளவத்தையில் ஒரு நாள் முதலுதவி வகுப்பு: கட்டாயம் போங்கள்

போன ஞாயிறு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு சின்ன மண்டபத்தில் நடந்த முதலுதவி வகுப்புக்குப் போயிருந்தேன். காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை, முழுக்கத் தமிழில். கொழும்பில் தமிழில் இப்படி ஒரு வகுப்புக் கிடைப்பது அரிது என்பதால், பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 26 பேருக்கு 3 பயிற்சிப் பொம்மைகள்தான், அதனால் நெஞ்சை அமுக்கிப் பழக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கையேடு ஆங்கிலத்தில் மட்டும். பின்வரிசையில் ஃபேன் சத்தத்தில் பாதி கேட்காது, நேரத்தோடு போய் முன்னால் இருங்கள்.

ஆனால் இரத்தப்போக்கைப் பற்றிய பகுதிக்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம். படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஒரு தாதி, எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அவர் மேசையில் ஒரு தடித்த ஸ்பொஞ்சை வைத்தார், நடுவில் ஆழமான ஓட்டை, அடியில் குழாய், சிவப்புச் சாயத் தண்ணீர் விட்டு விட்டுப் பீறியது. துணியை விரலால் அந்த ஓட்டைக்குள் திணித்துத் திணித்து, பிறகு இரண்டு கையாலும் 3 நிமிடம் விடாமல் அமுக்க வேண்டும். ஒரு நிமிடத்திலேயே என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, சாயத் தண்ணீர் என்று தெரிந்தும்.

அப்போதுதான் மிஸ் உக்ரைனின் டொனெட்ஸ்க் பிராந்தியப் பொலிஸாரைப் பற்றிச் சொன்னார். அவர்களிடம் 'வெள்ளைத் தேவதூதர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2023 ஒக்டோபரிலிருந்து 2024 பெப்ரவரி வரை அவ்தீவ்கா நகரைச் சுற்றி வளைக்க ரஷ்யப் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஷெல் விழுந்துகொண்டிருந்த தெருக்களுக்குள் இந்தப் பொலிஸ்காரர்கள் வெள்ளை வானில் போய், நிலவறைகளுக்குள் கிடந்த காயக்காரரையும் நடக்க முடியாத வயோதிபரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை வான், பொலிஸ் என்ற இரண்டு சொல்லும் ஒன்றாக வந்ததும் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆட்களை வெள்ளை வானில் கடத்திக்கொண்டுபோய்க் காணாமலாக்கிய காலத்தில் கொழும்பில் இருந்த எங்களுக்கு அது என்ன என்று விளக்கத் தேவையில்லை. மிஸ்ஸுக்கும் விளங்கியது. கொஞ்சம் நின்றுவிட்டு, "இது ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கிற வான், பிள்ளைகள்" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பொலிஸை நினைத்து நான் அப்படி நெகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

2023 ஆகஸ்ட் 7, அதே பிராந்தியத்தின் பொக்ரோவ்ஸ்க் நகரில் நடந்ததையும் சொன்னார். குடியிருப்பு மாடி ஒன்றில் ஒரு ஏவுகணை விழுந்து, பொலிஸாரும் மீட்புப் பணியாளர்களும் ஓடி வந்து காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஏறக்குறைய 40 நிமிடம் கழித்து இரண்டாவது விழுந்தது. உதவிக்கு வந்தவர்கள் பலர் அதில்தான் காயப்பட்டார்கள், பிராந்திய அவசர சேவையின் துணைத் தலைவரே இறந்துபோனார். இரண்டாவது வரக்கூடும் என்று தெரிந்துதான் இவர்கள் ஒவ்வொரு முறையும் போகிறார்கள்.

அப்புறம் கை காலில் இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுகிற டூர்னிகே என்கிற இறுக்குப்பட்டி. காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டில் படாமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை பட்டியிலுள்ள தடியை முறுக்க வேண்டும். வலியில் கத்துவார்கள், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை எழுத வேண்டும். நான் இணையத்தில் மலிவாக வாங்கியதைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன், மூன்றாவது முறுக்கில் பிளாஸ்டிக் தடி 'டக்' என்று உடைந்து மிஸ்ஸின் கையிலேயே வந்துவிட்டது. தயவுசெய்து போலியை வாங்காதீர்கள்.

பின்னால் இருந்த ஒரு அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. உடைந்த தடியைப் பார்த்துவிட்டு, "நாங்கள் சீலைக் கரையைக் கிழிச்சு, பூவரசந் தடி வச்சு முறுக்கினனாங்கள்" என்றார். 2009இல், வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனில் இருந்தவராம். செஞ்சிலுவைக் கப்பல் வரும்வரை காயக்காரருக்கு அது தாங்க வேணும் என்றார், அவ்வளவுதான். மிஸ் அவரை முன்னால் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னார். ஒரு சால்வையும் மரக் கரண்டியும்தான் இருந்தன, அரை நிமிடத்தில் என் தொடையில் கட்டி முடித்துவிட்டார், கால் மரத்துப்போனது.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், நல்ல சேவை. ஆனால் தொடையில் பெரிய நாடி வெட்டுப்பட்டால் சில நிமிடங்களே இருக்கும், காலி வீதியின் மாலை நெரிசல் உங்களுக்கே தெரியும்.

கட்டணம் 3,500 ரூபாய், மத்தியானச் சோறும் அதற்குள். அடுத்த வகுப்பு வருகிற மாதம், தம்பியையும் அனுப்புகிறேன். போகிறவர்கள் ஒரு மார்க்கர் கொண்டுபோங்கள், நனைந்த பட்டியில் சாதாரணப் பேனா எழுதாது.