பிசாரோவின் 'ஆப்பிள் அறுவடை': அச்சுப்படம் வாங்கலாமா?

பிரெஞ்சு ஓவியர் கமில் பிசாரோ 1888இல் தீட்டிய எராக்னி கிராமத்து ஆப்பிள் அறுவடைக் காட்சியின் மூல ஓவியம் அமெரிக்காவின் டல்லாஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அச்சுப்படத்தை இணையக் கடையொன்றில் வாங்கிச் சுவரில் மாட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வண்ணத்தில் பெரிய குறை இல்லை. அளவில்தான் கடைக்காரர்கள் கைவைத்துவிட்டார்கள்.

பாரிசுக்கு வடமேற்கே எப்த் ஆற்றங்கரையில் உள்ள எராக்னிக்கு 1884இல் குடிபெயர்ந்த பிசாரோ, அடுத்த ஆண்டு ஓவியர்கள் சின்யாக், சூரா ஆகியோரைச் சந்தித்து, தம் வயதில் பாதிகூட நிரம்பாத அந்த இளைஞர்களிடமிருந்து புள்ளி முறையை ஏற்றுக்கொண்டார். வண்ணங்களைத் தட்டில் குழைக்காமல், சிறு சிறு தீற்றல்களாக அருகருகே வைத்து, கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கே விட்டுவிடும் முறை அது. அச்சு இயந்திரமும் மைகளை நுண்புள்ளிகளாகத் தெளித்து ஏறக்குறைய இதையே செய்கிறது. ஆனால் இயந்திரத்தின் புள்ளி கண்ணுக்குத் தெரியக் கூடாது. பிசாரோவின் தீற்றலோ கிட்டத்தில் தெரிந்தே ஆக வேண்டும்.

இதைச் சோதிக்க மரத்தடி நிழலைப் பார்த்தால் போதும். ஒருவர் நீண்ட கழியால் கிளையை எட்டிப் பழம் உதிர்க்க, பெண்கள் குனிந்து பொறுக்குகிறார்கள். அவர்கள் காலடியில் பரவிய நிழலில் கறுப்பு என்பதே இல்லை, நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்பும்தான். பளபளப்பற்ற மேட் தாளில் வந்த என் பிரதியில் இந்தத் தீற்றல்கள் ஒரு முழம் தள்ளி நின்றால் தனித்தனியாகத் தெரிகின்றன. நாலடி விலகினால் வெயில் கசியும் நிழலாகிவிடுகின்றன. அடிமரத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் ஊதா சற்றுச் சாம்பல் பூத்திருக்கிறது.

மூல ஓவியம் ஏறத்தாழ 74 செ.மீ. அகலமும் 61 செ.மீ. உயரமும் கொண்டது. கடையில் கிடைப்பதோ 24க்கு 18 அங்குலம், அதாவது 61க்கு 46 செ.மீ. தீற்றல்கள் சிறுத்துப்போவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விகிதம் ஒத்துவராததால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை மேலும் கீழுமாக வெட்டியிருக்கிறார்கள். அடிவானம் உச்சியை ஒட்டி நிற்கும் இந்த ஓவியத்தில் மேலே இரண்டு விரற்கடை போனால் மரத்துக்கு மூச்சு முட்டுகிறது. தாளில் வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் அச்சிட்டுத் தரக் கேட்டேன். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

படம் அட்டைக் குழாயில் கசங்காமல் வந்து சேர்ந்தது. கேன்வாஸ் பிரதியும் விற்கிறார்கள், ஆனால் துணியின் நெசவு தீற்றல்களோடு மோதும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பட்டியலில் பிசாரோவின் எராக்னிக் காட்சிகள் அனைத்துமே புள்ளி ஓவியங்கள் என்று குறிக்கப்பட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்த முறை மிக மெதுவானது, தம் உணர்வின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று 1890 வாக்கில் அவர் அதைக் கைவிட்டுவிட்டார்.

பிசாரோ 1903இல் காலமானதால் ஓவியத்துக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. தெளிவான டிஜிட்டல் படம் கிடைத்தால், நல்ல டிஜிட்டல் அச்சகம் ஒன்றில் மூல அளவிலேயே மேட் தாளில் அச்சிட்டு, எதிரொளிக்காத கண்ணாடி போட்டுச் சட்டமிடுவது இந்தக் கடைப் பிரதியைவிட மேல்.