மாமாவின் பூ வேனில் கூரைக் காத்தாடி: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

பழைய வேனைப் படுத்துத் தூங்குகிற வண்டியாக மாற்றப் போகிறேன் என்றதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, கட்டில் எப்படிப் போடுவாய் என்பது. அடுத்தது, கழிவறைக்கு என்ன செய்வாய். காற்றுக்கு என்ன செய்வாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. கட்டில் போட்டு, அலமாரி அடித்து, மஞ்சள் விளக்கெல்லாம் மாட்டி, மலேசியாவின் கெடாவில், பந்தாய் மெர்டேக்கா கடற்கரையில் முதல் இரவு படுக்கும்போது மணி பதினொன்று. ஒரு மணிக்கு மெத்தை நனைந்திருந்தது. இரண்டு மணிக்கு நானும் மனைவியும் வெளியே பாயைப் போட்டுக் கொசு அடித்துக்கொண்டிருந்தோம். கடல் இருபது அடி தூரத்தில். அந்தக் காற்றில் ஒரு துளிகூட வேனுக்குள் வரவில்லை.

காலையில் மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் ரோட்டி சானாய் வருவதற்குள் கைப்பேசியில் ஆர்டர் போட்ட சாமான்தான் இது. 12 வோல்ட் கூரைக் காத்தாடி, சீனத் தயாரிப்பு, பத்து வேகம், காற்றை உள்ளே இழுக்கவும் செய்யும் வெளியே தள்ளவும் செய்யும், ரிமோட் உண்டு, மூடிக்குத் தனி மோட்டார் உண்டு. 460 வெள்ளி (ரிங்கிட்). அமெரிக்கக்காரர்கள் போடுகிற பேர்பெற்ற காத்தாடி இங்கே வந்து இறங்குவதற்குள் இதைப்போல மூன்று வாங்கிவிடலாம்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996-இல் பதிவான நிசான் வேனெட், சாமான் ஏற்றுகிற ரகம். பட்டர்வொர்த்தில் பூ வியாபாரம் செய்த என் தாய்மாமாவுடையது. கேமரன் மலைக்குப் போய்ச் செவ்வந்தி ஏற்றி வருவார். தைப்பூசம் வந்தால் மூன்று நாள் வண்டியோடு பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில்தான் குடித்தனம். ஆக, இந்த வேனில் முதலில் படுத்துத் தூங்கியவர் அவர்தான், பூக்கூடைகளுக்கு நடுவில், காத்தாடியும் இல்லாமல் கட்டிலும் இல்லாமல். முழங்கால் வலி வந்ததும் வியாபாரத்தை விட்டார், வண்டியை என்னிடம் தள்ளினார். இன்னமும் மழை நாளில் பின்கதவைத் திறந்தால் மரிக்கொழுந்து வாசனை லேசாக வரும். உதிரிச் சாமான், பாதியாக அறுத்து இறக்குமதியான பழைய வண்டிகளை விற்கிற ஹாஃப்கட் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் ஓட்ட முடிகிறது.

யூடியூபில் வேன் கட்டுகிறவர்களில் பாதிப்பேர் குளிர் நாட்டுக்காரர்கள். சுவரில் கம்பளி அடைப்பார்கள், ஹீட்டர் மாட்டுவார்கள். நமக்கு வினை வேறு. பகல் முழுவதும் தகரம் வெயில் குடிக்கிறது. இந்த மாதிரி வேன்களில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், நிறுத்திய பிறகும் ஒரு மணி நேரம் அந்தச் சூடு உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் இரண்டு பேர் விடுகிற மூச்சு, வேர்வை. சுவரில் என்ன ஒட்டினாலும், சூடேறிய காற்று வெளியே போக வழி இல்லையென்றால் உள்ளே அவிய வேண்டியதுதான்.

பெட்டி ஒன்பது நாளில் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஸ்குரூ மூன்று குறைவு. விளக்கத்தாள் முழுக்கச் சீனத்தில். பக்கத்து வீட்டு அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக மலாயில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அதில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. இந்தக் காத்தாடி மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவில் கூரையை நெருக்கிப் பிடிக்கிற அமைப்பு. கூரை குறைந்தது மூன்று சென்டிமீட்டர் தடிப்பு இருக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். வேன் கூரையோ வெறும் தகடு. உள்பக்கம் மரச்சட்டம் அடித்துத் தடிப்பு ஏற்றாமல் முடுக்கினால் தகடுதான் நெளியும். விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதற்கே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

ஓட்டை போட்ட நாளை மறக்க முடியாது. பதினான்கு அங்குலத்துக்குப் பதினான்கு அங்குலம், சதுரம். கூரையின் உள்ளே குறுக்கு விலா எலும்பு மாதிரி இரும்புப் பட்டைகள் ஓடும். இரண்டு பட்டைக்கு நடுவில் இடம் பார்த்து உள்ளேயிருந்து அளந்து, மூலைக்கு ஒன்றாக நான்கு துளை போட்டேன். மேலே ஏறி மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜிக்சாவில் இரும்பு அறுக்கும் பொடிப்பல் பிளேடு மாட்டினேன். மாமா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இந்த வண்டியில மழை ஒழுகாத ஒரே இடம் அதுதான்டா. அதையும் விட்டுவைக்க மாட்டியா?"

"ஒழுகாதுங்க மாமா, பூட்டில் டேப் வாங்கியிருக்கேன்."

"டேப்பா!" என்றார். ஜிக்சா சத்தம் கிளம்பியதும் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். வெட்டிய சதுரம் 'டங்' என்று உள்ளே விழுந்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. கூரையில் வானம் தெரிந்தது.

செய்யப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம். அறுக்கும்போது பறக்கிற இரும்புத்தூளைத் துணி விரித்துப் பிடியுங்கள். எங்கே விழுந்ததோ அங்கே இரண்டு நாளில் துருப் புள்ளி வந்துவிடும். வெட்டிய விளிம்புக்குத் துருத் தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். அப்புறம், சாதாரண சிலிக்கோன் வேண்டாம், தகடு வெயிலில் விரிந்து சுருங்குவதில் அது உரிந்துவிடும். அடியில் பூட்டில் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டுகிற பட்டை), மேலே சுற்றி சிக்காஃப்ளெக்ஸ் (இழுபடுகிற பாலியூரித்தேன் பசை). எட்டு மாதத்தில், அக்டோபர் அடைமழை உட்பட, ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாமா ஒவ்வொரு மழைக்கும் வந்து கையை வைத்துத் தடவிப் பார்க்கிறார்.

முக்கியமான இன்னொன்று, வண்டியின் உருவத்தை மாற்றும் வேலைக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும். சாமான் வேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கும் போகும். ஜிக்சாவை எடுப்பதற்கு முன்னால் போய்க் கேட்டுவிடுங்கள்.

சரி, காற்று வருகிறதா? வருகிறது. ஆனால் முதல் இரண்டு முறை நான் தப்பாகப் பயன்படுத்தினேன். எல்லா ஜன்னலையும் திறந்து, பத்தாம் வேகத்தில் வைத்தேன். சத்தம்தான் வந்தது. காத்தாடி முன்பக்கக் கூரையில் இருக்கிறது. முன் ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்றையே உறிஞ்சி வெளியே துப்பிவிடும், பின்னால் படுத்திருக்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இப்போது முன் ஜன்னல்களை மூடிவிட்டு, பின்கதவை மட்டும் கொக்கி போட்டு நாலு விரல் அகலம் திறந்து வைக்கிறேன். நாலாம் வேகத்தில் வெளியே தள்ளவிட்டால் வெளிக்காற்று தலைமாட்டில் நுழைந்து, உடம்பு மேல் போய், கால்மாட்டுக்கு மேலே கூரை வழியாகப் போகிறது. வேர்வை காய்கிறது. பினாங்குத் தீவில் தெலுக் கும்பாரில் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உள்ளே 34 டிகிரி. நாற்பது நிமிடத்தில் 29. அதற்குக் கீழே இறங்காது, வெளியே இருக்கிற சூடுதானே உள்ளே வரும். ஏர்கோன் எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

மின்சாரம் மிகக் குறைவாகத்தான் குடிக்கிறது. மீட்டர் வைத்து அளந்தேன்: நாலாம் வேகத்தில் 0.8 ஆம்பியர், பத்தில் 3-ஐ ஒட்டி. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஆறு ஏழு ஆம்பியர்-மணி. என்னிடம் இருப்பது 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதற்கு இது தூசு. ஐந்தாம் வேகம் வரை தூங்கலாம். எட்டுக்கு மேல் வைத்தால், பாயான் லெப்பாஸில் என் தொழிற்சாலை கம்ப்ரஸர் அறை ஞாபகம் வருகிறது, விடுமுறையில் அது எதற்கு.

கேமரனில் வேறு பயன். குளிருக்குக் கதவு ஜன்னலெல்லாம் அடைத்துப் படுத்தால் விடியற்காலையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழியும், அலமாரிப் பலகை ஊறும். பின்கதவை ஒரு விரல் திறந்து ஒன்றாம் வேகத்தில் விட்டேன், காலையில் கண்ணாடி காய்ந்திருந்தது.

இனி வயிற்றெரிச்சல். முதலாவது, மழை சென்சார். நல்ல வசதி என்று நினைத்துத்தான் வாங்கினேன். நாலு தூறல் பட்டால் மூடி தானாக இறங்கும், காத்தாடி நின்றுவிடும். மழை விட்டால் திறக்குமா என்றால் திறக்காது. இரண்டு மணிக்கு 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம், அரை மணியில் வேர்த்து எழுந்து, இருட்டில் ரிமோட்டைத் தேட வேண்டும். ஒரு நாள் பனிக்கே மூடிக்கொண்டது. கடைசியில் சென்சார் மேல் கறுப்பு டேப் ஒட்டி, மூடிக்கு மேல் தனியாக ஒரு மழைக் குடை வாங்கி மாட்டினேன். அது 110 வெள்ளி.

இரண்டாவது, வலை. கொசு வராது, உண்மை. அகாஸ் வரும். சதுப்புநிலம் பக்கத்தில் நிறுத்தியவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி கடித்தால் ஒரு வாரம் சொறிய வேண்டும். காற்றை உள்ளே இழுக்கும் பக்கம் திருப்பினால் அந்த வலை வழியாகவே அழைத்து வந்துவிடுகிறது. மனைவி சேலை பிளவுஸ் தைக்க வைத்திருந்த பொடி நெட் துணியை வெட்டி உள்சட்டத்தில் மாட்டிக் கொடுத்தார். காற்று கொஞ்சம் குறைந்தது, கடி நின்றது.

மூன்றாவதில் தப்பு என்னுடையது, ஆனாலும் பொருளுக்கும் பங்கு உண்டு. தெலுக் கும்பாரிலிருந்து திரும்பும்போது மூடியை மூட மறந்துவிட்டேன். பத்து மாவுங் என்ற ஊரில் பினாங்கின் இரண்டாவது பாலம் ஏறி, கடலுக்கு நடுவில் போனதும் மேலே 'டமடமடம' என்று அடி. 24 கிலோமீட்டர் பாலம், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. இடது லேனில் ஐம்பதில் ஊர்ந்து, மறுகரையில் பத்து காவான் ஊர் வரும்வரை மனைவி ஒன்றும் பேசவில்லை. இறங்கிப் பார்த்தால் மூடியைத் தூக்குகிற பிளாஸ்டிக் கை விரிசல். வண்டி ஸ்டார்ட் ஆனதும் 'மூடி திறந்திருக்கிறது' என்று ஒரு சின்ன விளக்காவது எரிய வைத்திருக்கலாம். விற்றவரிடம் கேட்டால் கை மட்டும் கிடையாதாம், மூடி முழுதாக வாங்க வேண்டுமாம், 95 வெள்ளி. அலுமினியப் பட்டை வைத்து நானே கட்டிவிட்டேன்.

ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன். காத்தாடிக்கு மட்டும் என்றால் ஐந்து. இதே கம்பெனியில் மூடியைக் கையால் சுற்றித் திறக்கிற மாடல் இருக்கிறது, மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, ரிமோட் இல்லை, 70 வெள்ளி குறைவு. அதை வாங்குங்கள், மிச்சக் காசை மழைக் குடைக்குப் போட்டுக்கொள்ளலாம். குறைந்த மூன்று ஸ்குரூவை அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றார்கள். மார்ச்சில் சொன்னது.