மூன்றடுக்கு மண்பானை: பால்கனியில் உரம் தயாரித்த அனுபவம்

சமையலறைக் கழிவை உரமாக்கும் மூன்றடுக்கு மண்பானை எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடி, வீட்டில் நான்கு பேர், கிழக்குப் பார்த்த சின்ன பால்கனி. வாங்கிய புதிதில் யாராவது கேட்டிருந்தால் "நல்லா இருக்கு" என்பதோடு முடித்திருப்பேன். சில கத்திரி வெயிலையும் சில ஐப்பசி மழையையும் பார்த்த பிறகுதான் இதன் குணம் பிடிபட்டது.

வாங்கியதற்குக் காரணம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். விடுமுறைக் காலைகளில் அங்கே பறவை பார்க்கப் போவேன். நீலத் தாழைக்கோழி கோரைக்குள் நடப்பதையும், நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைமேல் கால் வைத்துப் போவதையும் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். அங்கிருந்து தலையைத் திருப்பினால் பெருங்குடிக் குப்பை மேடு. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக அந்தச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

காய்கறித் தோலும் மிச்சச் சோறும் காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடந்தால் மீத்தேன் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டைஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல். தீப்பிடிப்பதும் அதுதான். கசியும் சாறு சதுப்புக்குள் இறங்குகிறது. அந்தக் குப்பையில் என் வீட்டு வாழைப்பழத் தோலும் இருக்கிறது என்ற நினைப்பு உறுத்தியது. பானை வாங்கிவிட்டேன்.

அமைப்பு எளிது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பானை, சுற்றிலும் காற்றுத் துளைகள், மேலே ஒரு மூடி. மேல் இரண்டுக்கும் அடியில் கயிற்று வலை. மேல் பானை நிரம்பியதும் அதை நடுவுக்கு மாற்றி, நடுவில் இருந்த காலிப் பானையை மேலே வைக்கவேண்டும். இரண்டும் நிரம்பினால் பழையதைக் கீழ்ப் பானையில் கொட்டிவிடலாம். மண் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதால் உள்ளே சொதசொதவென்று ஆவது குறைவு. பிளாஸ்டிக் வாளியில் செய்து பார்த்த நண்பர்கள் எல்லோரும் சொல்லும் குறை அந்தச் சொதசொதப்புதான்.

இதில் வெற்றி தோல்வி எல்லாம் சருகில்தான். காய்கறிக் கழிவு எவ்வளவோ, குறைந்தது அதே அளவுக்குச் சருகு போடவேண்டும். எடைக் கணக்கு இல்லை, கை அளவுக் கணக்கு. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம், வேறு ஆராய்ச்சி வேண்டாம். மாசி, பங்குனியில் எங்கள் தெருப் புங்க மரங்கள் இலையைக் கொட்டும். தெரு பெருக்கும் அக்காவிடம் சொல்லி வைத்து, சாக்கில் வாங்கி மொட்டை மாடியில் சேர்த்துவிடுவேன். அந்த இலைக்குத் தெருமுனையில் தீ வைப்பது எங்கள் பகுதியில் நின்றதே எனக்குப் பெரிய சந்தோஷம். கடையில் விற்கும் நுண்ணுயிர்த் தூள் அவசியமில்லை. இரண்டு கரண்டி புளித்த மோர் போதும்.

அப்புறம் புழு. இந்தப் பானையை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான். முதல் மழைக்குப் பிறகு ஒருநாள் மூடியைத் திறந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில், தட்டையாக, வரி வரியாக உடம்பு கொண்ட புழுக்கள் நெளியும். இவை வீட்டு ஈயின் புழு அல்ல. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு. தாய் ஈ பார்க்கக் குளவி மாதிரி கருப்பாக இருக்கும். ஆனால் கொட்டாது, கடிக்காது; நம் சாப்பாட்டிலும் வந்து உட்காராது. அது உயிர் வாழ்வது பெரும்பாலும் புழுப் பருவத்தில் தின்று சேர்த்ததை வைத்துத்தான். பானை விளிம்பின் காய்ந்த இடுக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இந்தப் புழு நிறைந்த இடத்தில் வீட்டு ஈ முட்டையிடுவது குறைகிறது.

இவை தின்னும் வேகத்தை அருகே உட்கார்ந்து பார்க்கவேண்டும். ராத்திரி போட்ட பப்பாளித் தோலில், காலையில் மெல்லிய மேல்தோல் மட்டும் காகிதம் போலக் கிடக்கும். காதைக் கிட்டே வைத்தால் சலசலவென்று சத்தம்கூடக் கேட்கும். வளர்ந்து முடிந்ததும் கருத்துப்போய், தின்பதை நிறுத்தி, காய்ந்த இடம் தேடி வெளியே ஏறும். கீழ்வீட்டு மாமி ஒருநாள், "ஏம்மா, உங்காத்துப் புழு படியில இறங்கி வரது பாரு" என்று கூப்பிட்டுக் காட்டினார். அதிலிருந்து பானைக்கு அடியில் அகலமான தட்டு வைத்து மரத்தூள் பரப்பியிருக்கிறேன். புழுக்கள் அதிலேயே தங்கிக் கூட்டுப்புழு ஆகின்றன. காலையில் மைனாக்கள் வந்து பொறுக்குகின்றன. சில நாள் ஒரு குண்டுக்கரிச்சான் கைப்பிடிச் சுவரில் வாலைத் தூக்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். ராத்திரி பல்லிகள், பறக்கிற ஈயைப் பிடிக்க. இத்தனை உயிர் எங்கள் பால்கனியைத் தேடி வந்தது இந்தப் பானைக்குப் பிறகுதான். மாமியும் இப்போது மல்லிச் செடிக்கு உரம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

குறைகளும் உண்டு. கயிற்று வலை இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. இப்போது நைலான் கயிறு கட்டியிருக்கிறேன். பானையின் வெளிப்புறத்தில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறது. வேலைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, அழகு மட்டும் போய்விட்டது. நிரம்பிய பானையைத் தூக்கி மாற்ற இரண்டு பேர் வேண்டும், முதுகுவலிக்காரர்கள் யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சாரல் உள்ளே போகாமல் பழைய தகரத் துண்டைச் சாய்த்து வைக்கிறேன்.

உரம் கையில் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தால் தயார். இவ்வளவு சின்னப் பானை விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடாகாது. அதனால் உரம் போட்ட தொட்டியில் எல்லாம் தக்காளியும் பூசணியும் தானாக முளைக்கும். எனக்கு அது பிடிக்கும். வேண்டாம் என்பவர்கள் விதையைத் தனியே எடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து ஈரக் குப்பை வெளியே போவது ஏறக்குறைய நின்றுவிட்டது. தேங்காய் ஓடு, எலும்பு, மீன் கழிவு மட்டும் கொடுக்கிறோம். மாங்கொட்டை மக்க நாளாகும், அதைத் தனிச் சாக்கில் மண் கலந்து போட்டுவிடலாம். நான்கு பேருக்கு மேல் இருக்கும் வீடென்றால் ஒரு செட் போதாது, இரண்டு வாங்குங்கள். வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த பானை. முதலில் ஒரு சாக்கு சருகைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் பானை வாங்கப் போங்கள்.