போலந்து கொடி: கழுகு இல்லாததா, கழுகு உள்ளதா?

போலந்துக்குச் சட்டப்படியே இரண்டு கொடிகள் உண்டு. ஒன்றில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு, அவ்வளவுதான். மற்றதில் வெள்ளைப் பட்டையின் நடுவே சிவப்புக் கேடயமும் அதில் முடிசூடிய வெள்ளைக் கழுகும் இருக்கும். இரண்டின் அளவு விகிதமும் 5:8.

நிறங்கள் பிறந்ததே அந்தக் கேடயத்திலிருந்துதான். கழுகின் வெள்ளை மேலே ஏறியது, பின்புலச் சிவப்பு கீழே இறங்கியது. 1831 பிப்ரவரி 7 அன்று, ரஷ்யப் பேரரசுக்கு எதிரான எழுச்சியின் நடுவே, நாடாளுமன்றம் இவ்விரண்டையும் தேசிய நிறங்களாக ஏற்றது. கொடிக்கான சட்டம் விடுதலைக்குப் பின் 1919 ஆகஸ்ட் 1-இல் வந்தது.

கழுகுக் கொடி தூதரகம், விமான நிலையம், வணிகக் கப்பல் போன்ற இடங்களுக்கானது. வீட்டு மாடியில் பறப்பது வெறும் கொடி. மே 2, கொடி நாளன்று தெருவெல்லாம் அதுதான்.

எனக்குப் பிடித்ததும் அதுவே. கம்யூனிச ஆட்சியில் கழுகின் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றினார்கள், அப்புறம் 1990-இல் திருப்பிச் சூட்டினார்கள். வெறும் கொடியில் கழற்ற என்ன இருக்கிறது? ஒரே தொல்லை, தலைகீழாகப் பிடித்தால் இந்தோனேசியா ஆகிவிடும்!