பச்சை இலைக்குள் பச்சைப் பறவை: ஏற்காட்டில் ஒரு 8×42 பைனாகுலர்

சேலத்தில் 9,000 ரூபாய்க்கு வாங்கிய 8×42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. விட்டமுள்ள முகப்பு வில்லை) பைனாகுலரை மூன்று மாதங்களாக ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் பயன்படுத்தி வருகிறேன். அதைச் சோதிக்க வெண்கன்னக் குக்குறுவானைவிடப் பொருத்தமான பறவை இம்மலையில் இல்லை. மைனாவைவிடச் சிறியதாக, உடல் முழுவதும் இலைப்பச்சையாக இருக்கும் இப்பறவை, 'குட்ரூ, குட்ரூ' என்று தோட்டமே அதிரக் கத்திக்கொண்டு எதிர்க்கிளையில் அமர்ந்திருந்தாலும் வெறுங்கண்ணுக்கு எளிதில் அகப்படாது. (சேலம் நகரில் 'டுக், டுக்' என்று ஒலிப்பது அதன் உறவான செம்மார்புக் குக்குறுவான்.)

முன்பு வைத்திருந்த 10×25 கருவியில், விடியற்காலையில் நிழல்மரங்களின் அடியில் நின்று பார்த்தால் கரிய உருவம் ஒன்றே தெரியும். முகப்பு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும், அதில் 2.5 மி.மீ., இதில் 5.25 மி.மீ. இந்த வேறுபாட்டினால்தான் பழுப்புத் தலையின் மெல்லிய வெள்ளைக் கீற்றுகளும், கண்ணுக்குக் கீழே ஓடும் அகன்ற வெண்பட்டையும், பருத்த அலகின் அடியில் மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்களும் ஆறரை மணிக்கே தெளிவாகத் தெரிகின்றன. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையவை என்பதால், அவற்றைப் பிரித்தறிய மட்டும் எந்தக் கண்ணாடியும் உதவாது.

உருப்பெருக்கம் சற்றுக் குறைவாக இருப்பதும் நன்மையே, ஏனெனில் காட்சிப் பரப்பு விரிகிறது, கைநடுக்கமும் அவ்வளவாகத் தெரிவதில்லை. அத்தி பழுத்திருந்த வாரத்தில், ஒரு குக்குறுவான் பழத்தை விழுங்கிய கையோடு பக்கத்துக் கிளைக்கு வந்த சின்னான் (புல்புல்) பறவையைத் துரத்திச் சென்றதைப் பார்வையிலிருந்து தவறவிடாமல் தொடர முடிந்தது. இலவம் பூத்தபோது அது தேன் குடிக்க வந்ததையும், பட்ட கிளையில் அலகால் பொந்து குடைந்ததையும் இப்படித்தான் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பார்க்கும்போது பறவையைச் சுற்றி ஊதா விளிம்பு படர்ந்து, அதன் பச்சை நிறம் கெட்டுவிடுகிறது. கழுத்துப்பட்டை மெல்லியது, ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கிறது. வில்லை மூடி இரண்டாம் வாரமே கிளியூர் அருவிப் பாதையில் எங்கோ விழுந்துவிட்டது. உள்ளே நைட்ரஜன் நிரப்பப்பட்டிருப்பதால், மலைப்பனியில் நனைந்தும் இதுவரை உட்புறம் மங்கவில்லை.

லேடீஸ் சீட்டில் நின்று பகலில் சேலத்தைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அந்தப் பழைய 10×25 கருவியே தாராளம்.