ஃபோர்ட்ஸ்பர்க் ஞாயிறு ஆங்கில வகுப்பு: ஆறு மாதம் போன அனுபவம்

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்து, ஆங்கிலம் பேசத் திணறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். மின்ட் ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிறு காலை நடக்கிறது. மாதம் 400 ரேண்ட். நாற்காலிகள் சுமார்தான், சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதும் இல்லை. ஆனாலும் நான் விடாமல் போகிறேன்.

காரணம் பாடம் எடுக்கும் அங்கிள். பூட்டன் காலத்தில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் நாம் எங்கே தடுமாறுவோம் என்று தெரியும்.

ஒருநாள் 'கரேஜ் ஆஃப் யுவர் கன்விக்‌ஷன்ஸ்' என்று பலகையில் எழுதினார். கன்விக்‌ஷன் என்றால் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பாவது என்றுதான் எனக்குத் தெரியும். அதில் என்ன தைரியம் என்று கேட்டேன். மனத்தில் ஊன்றிய நம்பிக்கைக்கும் அதே சொல்தான் என்றார். அப்புறம் தில்லையாடி வள்ளியம்மை கதையைச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913இல் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மீது போட்ட மூன்று பவுண்டு தலைவரியும், இவற்றை எதிர்த்து காந்தி நடத்திய போராட்டத்தில் அந்தப் பெண் சேர்ந்து மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனதும், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்ததும். தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். சமாதி இங்கே பிராம்ஃபொன்டெய்னில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே பெண்ணிடம் இருந்திருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் நேராக அங்கே போய் வணங்கிவிட்டு வந்தேன்.

பயன்படுத்தும் விதத்தையும் பொறுமையாகச் சொன்னார். கன்விக்‌ஷன்ஸ் என்று பன்மையில்தான் வரும். முன்னால் 'ஹேவ்' (இருக்கிறது) அல்லது 'லேக்' (இல்லை) சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' என்பது விலை பேசி இறங்காமல் நிற்பதற்குக்கூடப் பொருந்தும், இது அப்படியில்லை. சரியென்று நம்பியதை, நஷ்டம் வரும் என்று தெரிந்தும் செய்திருக்க வேண்டும்.

உதாரணம் கேட்டபோது என் கதையைச் சொன்னேன். முன்பு வேலை பார்த்த கடையில் மசாலா பாக்கெட்டுகளில் தேதி ஸ்டிக்கரை மாற்றி ஒட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன், வேலை போனது. அங்கிள் அந்தத் தொடரை என் பெயரோடு பலகையில் எழுதினார். நோட்டில் அப்படியே வைத்திருக்கிறேன்.

எழுத்துப் பயிற்சி மிகக் குறைவு. ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது போதாது. பேசப் பழக வேண்டும் என்றால் தாராளமாகச் சேரலாம்.