போல்கொடவில் தூண்டில் போட: தோணியா, கயாக்கா?

மார்ச், ஏப்ரலில், தென்மேல் பருவமழை தொடங்குமுன், கொழும்பில் பல காலைகள் காற்றே இல்லாமல் கிடக்கும். தூண்டிலோடு தண்ணீரில் இறங்க நல்ல காலம். எங்கே என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பேரை வாவி கிட்ட இருக்கிறது, ஆனால் அந்தப் பச்சைத் தண்ணீர் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராது. தியவன்னா வாவி அழகுதான், 1982இல் திறந்த, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பாராளுமன்றக் கட்டடம் நடுவில் நிற்கிறது, அதனாலேயே பாதுகாப்பை நினைத்து நினைத்துத் துடுப்புப் போடவேண்டும். மிஞ்சுவது போல்கொட வாவி. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் மொரட்டுவையிலோ பாணந்துறையிலோ இறங்கி ஓட்டோ பிடிக்கலாம்.

சரி, எதில் ஏறுவது?

வாடகைக்குச் சுலபமாகக் கிடைப்பது பிளாஸ்டிக் கயாக். லேசானது, முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும், கண்டல் வேர்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நுழையும். கொடுவா மீன் பதுங்குவதும் அங்கேதான். பாணந்துறைப் பக்கம் கடல் தண்ணீர் உள்ளே ஏறுவதால்தான் வாவியில் கொடுவா இருக்கிறது. தொல்லை என்னவென்றால் துடுப்புக்கு இரண்டு கையும் வேண்டும், தூண்டிலை எந்தக் கையால் பிடிப்பது? சின்னக் காற்று அடித்தாலே மூக்கு திரும்பிவிடும், கயிற்றில் கல்லாவது கட்டி இறக்காவிட்டால் போட்ட இடம் ஒன்று, நிற்கிற இடம் ஒன்று. பெரிய மீன் கடித்தால் அது இழுக்கிற பக்கம் நீங்களும் போவீர்கள் (இதற்காகவே கயாக்கை விடாதவர்கள் இருக்கிறார்கள்). இரண்டு மணித்தியாலத்தில் முதுகு பேச ஆரம்பிக்கும்.

தோணி என்றால் ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டியது, சிங்களத்தில் 'ஒருவ' என்பார்கள். உடல் ஒடுக்கம், ஆனால் கட்டை இருப்பதால் லேசில் கவிழாது. கரையில் தெரிந்த ஒரு ஐயாவைக் கேட்டு அவரோடேயே போவது நல்லது. அவர் துடுப்புப் போட, நீங்கள் சும்மா தூண்டில் மிதப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், மீன் எங்கே நிற்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். குறை ஒன்று: கட்டை இருக்கிற பக்கம் தூண்டில் போட முடியாது. மீன் கட்டைக்கு அடியால் ஓடினால் தங்கூசி (தூண்டில் நூல்) சிக்கி, அவ்வளவுதான். திருப்பவும் நேரம் எடுக்கும்.

ஆகவே கொடுவாதான் வேண்டும், உயிர் இறாலும் ரீலும் கையில் இருக்கிறது என்றால் கயாக். அமைதியாக ஒரு காலையைக் கழிக்க, நாலு திலாப்பியா கிடைத்தால் போதும் என்றால் யோசிக்காமல் தோணி. 1952இல் வெளியிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த மீன் அது, மண்புழுவுக்கும் பாண் உருண்டைக்கும் வந்துவிடும். என் ஓட்டு தோணிக்கு. அப்புறம், எதில் போனாலும் பெரிய கொடுவாவைத் திரும்ப விடுங்கள். ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன் அது, பெருத்தது பெரும்பாலும் முட்டை போடுகிற தாய்தான்.

சனி, ஞாயிறில் ஜெட் ஸ்கீயும் பார்ட்டிப் படகும் அலையைக் கிளப்பும், போயாவில் (பௌர்ணமி நாளில்) தூண்டிலோடு போனால் கரையில் சிலர் முறைப்பார்கள், எனவே வார நாள் பாருங்கள். உயிர்காப்பு அங்கி கட்டாயம். முதலையும் இருக்கிற வாவி, காலைத் தொங்கப்போட வேண்டாம். இந்த மாதங்களில் பின்னேர இடிமழை சொல்லாமல் வரும், மதியத்துக்கு முன் கரையேறிவிடுங்கள்.